காதைப் பற்றி எழுதாத கடிதம்

மார்ச் 4, செவ்வாய்

ஆண்டு மதிப்பீட்டுத் தாளில் இன்று கையெழுத்து வாங்கினார்கள். ஆய்வகத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதுவது தலைமை மருத்துவரின் வழக்கம். எனக்கு எழுதியது: ‘டிஸ்பைட் ஹியரிங் லாஸ் இன் ஒன் இயர், ஷீ இஸ் எ குட் ஒர்க்கர்.’ ஒரு காது கேட்காதபோதிலும் நல்ல உழைப்பாளியாம்!

பதினோரு வருடமாக ரத்தப் பரிசோதனை செய்கிறேன். மைக்ரோஸ்கோப்பை எந்தக் காதில் வைத்துப் பார்ப்பது?

மார்ச் 5

கோபம் அடங்கவில்லை.

மார்ச் 6

மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதோடு போகப்போவது இந்தத் தாள்தான். தலைமை மருத்துவரிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

“பாராட்டித்தானேம்மா எழுதியிருக்கேன்?” என்றார். “வேணும்னா ஆங்கிலத்துல ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க, சேத்து அனுப்பறேன்.”

‘கண்ணாடி போட்டிருந்தும் நல்ல டாக்டர்’ என்று எழுதினால் சும்மா இருப்பீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். படி இறங்கும்போதுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான்!

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் ஆங்கில வாத்தியார். விளக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு விஷயம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால்தான் ‘டிஸ்பைட்’, ‘ஆல்தோ’ எல்லாம் போட வேண்டும் என்று நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தான். மழை பெய்தும் துணி காய்ந்தது என்பதுபோல. பிறகு என் தாளை வாங்கித் திருத்தினான். முதல் வரியிலேயே ‘டிஸ்பைட் மை டிஸெபிலிட்டி’, எனக்குக் குறை இருந்தபோதிலும் என்று!

“எதுக்குண்ணா இது?”

“அப்படிப் போட்டாதான் மனசு இரங்குவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

இரக்கம் யாருக்கு வேணும்? நான் கேட்டேனா? — தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். தேநீரோடு வந்த அண்ணி அப்படியே திரும்பிப் போனாள். மருத்துவராவது வெளியாள். இவன் கூடப் பிறந்தவன். அதுதான் வலிக்கிறது.

மார்ச் 10

விளக்கக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் ரத்த மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டி பழுதானபோது அலாரம் அடிக்கவில்லை. இரண்டு காதும் கேட்கிற நான்கு பேர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வெப்பம் ஏறுவதைக் கவனித்தது நான். ஆகவே: ‘ஆல்தோ தி அலாரம் டிட் நாட் ரிங், ஐ ஃபவுண்ட் தி ஃபால்ட் இன் டைம்.’ அலாரம் அடிக்காதபோதிலும் பழுதை உரிய நேரத்தில் கண்டுபிடித்தேன்.

முட்டிக்கொள்வது என்றால் இதுதான். என் காதுக்கும் என் வேலைக்கும் என்ன சண்டை?

காதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அண்ணனிடம் காட்டவும் இல்லை.

மார்ச் 20

நேர்காணல். நிர்வாகி என் கடிதத்தின் அலாரம் வரியை உரக்கப் படித்தார். “அன்னிக்கு எத்தனை மாதிரி கெட்டுப்போச்சு?”

“ஒண்ணுகூட இல்ல சார்.”

தலைமை மருத்துவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 2

பதவி எனக்குத்தான்!

கேள்விப்பட்டதும் அண்ணன் ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது. உட்காருவதற்கு முன்பே அத்தைக்குப் போன் போட்டான். “ஒரு காது கேக்காட்டியும் நம்ம வீட்டுப் பொண்ணு—”

போனைப் பிடுங்கினேன். “அத்தை, நான் சூப்பர்வைசர் ஆயிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.”

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும்.

கிளம்பும்போது, “நீ எழுதின லெட்டரோட நகல் இருந்தா குடு” என்றான். கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தான். பேனாவை எடுக்கவில்லை.