இரண்டு டம்ளர் நீச்சத்தண்ணி

அப்பா,

இன்று காலை நம் அடுப்படியில் நீச்சத்தண்ணி வாசம் அடித்தது. ஐந்து வருஷமாக இந்த வீட்டில் அடிக்காத வாசம். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்து, காலையில் கையால் பிசைந்து, உப்பும் மோரும் விட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டால் வருமே, அந்த லேசான புளிப்பு வாசம். செய்தது நான் இல்லை, உங்கள் பேரன், அக்கா மகன் கவின். உங்கள் தலைத்திவசத்துக்கு அக்காவோடு அமெரிக்காவிலிருந்து வந்தவன், நேற்றுச் சாயங்காலமே என்னிடம் சோற்றை வாங்கித் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டான். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, பரணில் நான் ஒளித்து வைத்திருந்த உங்கள் எவர்சில்வர் டம்ளரையும் தேடி எடுத்துவிட்டான். உங்கள் பெயரின் முதலெழுத்தை வெட்டி வாங்கினீர்களே, அந்தப் பெரிய டம்ளர். அதைப் பார்த்ததும் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

முப்பது வருஷம் ஆலங்குடி, புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தீர்கள். முதல் டிரிப் எடுக்கும் முன் அந்த டம்ளரில் இரண்டு டம்ளர் குடிக்காமல் நீங்கள் படி இறங்கியதில்லை. எங்களையும் விட்டதில்லை. "வெறும் வயித்தோட ஒருத்தன வாசப்படி தாண்ட விடக்கூடாதுத்தா" என்பீர்கள். டிக்கெட்டைக் கிழிக்கும் முன் "சாப்டியளா?" என்று கேட்கிற கண்டக்டர் இந்த ஜில்லாவில் நீங்கள் ஒருவர்தான் இருந்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உங்களுக்கு ‘சாப்டியா கண்டக்டர்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது உங்களுக்குத் தெரியும், கோபமே வந்ததில்லை.

கவின் பதினோரு வயதில் மல்யுத்தத்தில் சேர்ந்ததாக அக்கா போனில் சொன்னபோது பதறிவிட்டீர்கள். டிவியில் நாற்காலியைத் தூக்கி மண்டையில் அடிக்கிறார்களே, அதுதான் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளையை இப்படியா வளர்ப்பது என்று அக்காவைப் பிடி பிடி என்று பிடித்தீர்கள். அப்புறம் அவள் வீடியோ அனுப்பினாள். ஒட்டிய உடுப்பும் காதை மூடிய பட்டையுமாக நம் பயல் எதிராளியின் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். திருப்பித் திருப்பி நாலு தடவை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னீர்கள்: "நம்மூர்ல திமிலப் புடிக்கிறான், அங்கிட்டு காலப் புடிக்கிறான். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

முதல் வருஷம் ஒரு போட்டிகூட ஜெயிக்கவில்லை. உங்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவர்களுக்குச் சனிக்கிழமை காலை, நமக்குச் சாயங்காலம். அரிசி டின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அவன் எதிராளியின் இரண்டு தோளையும் தரையில் அமுக்கிவிட்டால் நம் வீட்டில் கண்டக்டர் விசில் கேட்கும். இரண்டாம் வருஷம் இரண்டு தடவை கேட்டது. பதினைந்து வயதில் அவன் ஜெயிக்க ஜெயிக்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, பஸ் எங்கே போகிறது என்று கேலி செய்கிற அளவுக்குக் கேட்டது. போட்டி முடிந்து அவன் வியர்வையோடு போனுக்கு வந்தால், ஜெயித்தாயா தோற்றாயா என்று நீங்கள் கேட்டதே இல்லை. முதல் கேள்வி எப்போதும் "சாப்டியாடா?" தான். அவனும் "சாப்டேன் தாத்தா" என்று, சாப்பிடாத நாளிலும், சொல்லிவிட்டுச் சிரிப்பான்.

அம்மா போன பிறகு அக்கா விடாப்பிடியாக உங்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்ட அந்த ஆறு மாதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பென்சில்வேனியா என்று கடைசிவரை உங்கள் வாயில் வரவில்லை, பென்சில் ஊர் என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் குளிரில் சோறு புளிக்காது என்று ஹீட்டருக்குப் பக்கத்தில் பானையை வைத்து, அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டத் திட்ட நீச்சத்தண்ணி செய்தீர்கள்.

அங்கே போய்த்தான் அந்த விளையாட்டின் இன்னொரு பக்கத்தை நேரில் பார்த்தீர்கள். எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். கவின் இறங்கிய பிரிவுக்கு நூற்று முப்பத்திரண்டு பவுண்டு, நம் கணக்கில் அறுபது கிலோ. போட்டியன்று காலையில் மெஷினில் ஏற்றுவார்கள், ஒரு பிடி கூடினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வளருகிற பிள்ளை, ஒவ்வொரு வாரமும் பட்டினி கிடந்து அதே அறுபதில் நின்றான். வியர்த்து எடை இறங்கக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினான், உடம்பில் நீர் குறையப் பாட்டிலில் எச்சிலைத் துப்பினான். நீங்கள் எனக்கு போன் பண்ணி, "மாட்டுக்குக்கூட தண்ணி காட்டித்தானத்தா வாடிவாசல்ல விடுவோம்" என்று அழுதுவிட்டீர்கள்.

வருஷத்தின் பெரிய போட்டி ஒரு சனிக்கிழமை வந்தது. அதில் ஜெயித்தால்தான் மாநிலப் போட்டி. காலை ஆறு மணிக்கு பாத்ரூம் மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டு, ‘ஓகே, சரியா இருக்கு’ என்று அவன் உள்ளேயிருந்து கத்தினான். அக்கா காரை எடுக்கப் போனாள். நீங்கள் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த இந்த டம்ளரோடு அடுப்படியில் நின்றீர்கள். நீச்சத்தண்ணி தண்ணீர்தானே, உடம்பில் ஒட்டாது, எடை ஏறாது என்பது உங்கள் நம்பிக்கை. வெறும் வயிற்றோடு வாசப்படி தாண்ட விடக்கூடாது என்பது அதற்கும் மேலான நம்பிக்கை. பயல் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனான். அங்கே மெஷினில் ஏறினான், கோச் இல்லை என்று தலையை ஆட்டினார், இறங்கினான். ஒரு பவுண்டு கூடுதல் என்று அக்காவிடம் சொன்னான். அன்றைக்கு அவன் போட்டி மெத்தையில் கால் வைக்கவே இல்லை.

நீங்கள் ஊர் திரும்பிய வாரத்தில் இது எதுவும் எனக்குத் தெரியாது. வல்லத்திராக்கோட்டை அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இந்த டம்ளரோடும் ஒரு தூக்கோடும் வந்து நின்றீர்கள். "ஏத்தா, இதுல ரெண்டு டம்ளர் நீச்சத்தண்ணி எம்புட்டு எடை இருக்கும்? போட்டுச் சொல்லு" என்றீர்கள். கிழவருக்கு வெயில் ஏறிவிட்டது என்று நானும் ஆயாவும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே வெறும் டம்ளரை வைத்து, ஊற்றி வைத்து, கழித்துச் சொன்னேன். அறுநூறு கிராம். ஒரு பவுண்டு எவ்வளவு என்று கேட்டீர்கள். போனில் பார்த்து, நானூற்று ஐம்பது என்றேன். "அப்ப சரிதான்" என்று சொல்லிவிட்டு, தூக்கில் மிச்சம் இருந்ததை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டுப் போனீர்கள்.

சாயங்காலம் அக்கா சொல்லித்தான் விஷயம் புரிந்தது. ஓடி வந்து, சின்னப் பையன் போட்டிதானே அப்பா, இன்னும் எத்தனையோ வரும் என்றேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சு வருசம் ஒழைச்சான்த்தா" என்று மட்டும் சொன்னீர்கள். மறுநாளிலிருந்து காபிக்கு மாறினீர்கள். தீர்ப்பு எழுதிய மெஷின் என்னுடையது. அதை நினைக்காமல் அதற்குப் பிறகு ஒரு பிள்ளையைக்கூட நான் அதில் ஏற்றியதில்லை.

அவன் போட்டிகளை நீங்கள் பார்க்காமல் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்று, கேமராவில் முகம் விழாமல் பார்த்தீர்கள். விசில் ஆணியில் தொங்கியது. அவன் "தாத்தா எங்க சித்தி?" என்று கேட்டால் கையால் சைகை காட்டுவீர்கள், வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொல்லி. எப்போதாவது மாட்டிக்கொண்டால், நல்லா இருக்கியா, படிக்கிறியா என்பதோடு சரி. சாப்டியா என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயில் வரவில்லை. நாலு வருஷம்! ஊரில் நாய்க்குட்டியைக்கூடக் கேட்கிற மனிதர்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தபோது என் கையைப் பிடித்து, "பயலுக்கு எம்மேல வருத்தம் இருக்கான்னு கேட்டுப் பாரேன்த்தா" என்றீர்கள். அவன் எப்போதோ மறந்திருப்பான், பேசாமல் படுங்கள் என்று அதட்டினேன். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். இரண்டாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த ஒரு கேள்வி இந்த ஒரு வருஷம் என் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது, அப்பா.

இன்று காலை அவன் உங்கள் டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். தாடியும் தோளுமாக ஆளே மாறிப் போயிருக்கிறான். இனி ஒத்திப்போட முடியாது என்று கேட்டேவிட்டேன்.

"தாத்தா மேல ஒனக்கு கோவமாடா?"

"எதுக்கு சித்தி?"

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு டம்ளர், அறுநூறு கிராம், முருங்கை மரம், காபி, ஆஸ்பத்திரி, எல்லாம். அவன் டம்ளரை மெதுவாக மேடையில் வைத்தான். முகம் வெளுத்துவிட்டது.

"சித்தி, வீட்ல வெயிட் பாத்தப்பவே நான் ரெண்டு பவுண்டு ஓவர். அம்மாகிட்ட ஓகேன்னு பொய் சொன்னேன்."

அவன் தனக்குத் தெரிந்த தமிழில், நடுநடுவே ஆங்கிலத்தில் விழுந்து எழுந்து சொன்னான். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லையாம். அன்றைக்கு நாலு மணிக்கே எழுந்து, பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு, வியர்வை வரட்டும் என்று அந்த ஆவிக்குள் நின்று குதித்திருக்கிறான். வியர்வையே வரவில்லை. கண் இருட்டியதாம். இனி இறங்காது, முடிந்தது என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெளியே வந்தால் நீங்கள் டம்ளரோடு நிற்கிறீர்கள்.

"மொத டம்ளர்தான் தாத்தா குடுத்தாரு. ரெண்டாவது நான்தான் கேட்டேன்."

கேட்டீர்களா அப்பா? அவன் கேட்டு வாங்கியதையும் சேர்த்து, இரண்டையும் நீங்களே திணித்ததாக அல்லவா சுமந்தீர்கள்! பள்ளிக்கூடத்து மெஷின் மூன்றரை பவுண்டு கூடுதல் காட்டியிருக்கிறது. அவமானம் தாங்காமல் வீட்டில் ஒன்று என்று குறைத்துச் சொல்லியிருக்கிறான். உண்மையான எண்ணைப் பார்த்த கோச், இந்த உடம்பு இனி அந்தப் பிரிவுக்கு இல்லை என்று அடுத்த வருஷம் மேல் பிரிவில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் பயல் சாப்பிட ஆரம்பித்தான். அந்த வருஷமே மாநிலப் போட்டிக்குப் போனான், இரண்டாம் சுற்றில் தோற்றான். காலேஜிலும் நாலு வருஷம், பெயர் சொல்லும்படி ஒன்றும் இல்லாவிட்டாலும், வயிறு நிறையச் சாப்பிட்டு ஆடினான். கடைசிப் போட்டியில் புள்ளிக் கணக்கில் தோற்று, ஷூவைக் கழற்றி மெத்தையின் நடுவில் வைத்துவிட்டு வந்தானாம். இனிப் போதும் என்று விடைபெறுகிறவர்கள் அங்கே அப்படித்தான் செய்வார்களாம்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, அவன் சொன்ன இன்னொன்றைக் கேளுங்கள். "அதுக்கப்புறம் தாத்தா என்னை சாப்டியான்னு கேக்கவே இல்ல சித்தி. நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். அதான் கோவம்னு."

அப்பாடா என்று அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. நீங்கள் அவன் கோபமாக இருக்கிறான் என்று ஒளிந்தீர்கள், அவன் நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று தவித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நாலு வருஷம் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற மடச்சி நான். உங்கள் மேலும் கோபம்தான். ஒரு வார்த்தை நீங்களே கேட்டிருக்கலாம் இல்லையா? பஸ் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு, உள்ள போ உள்ள போ என்று கத்தத் தெரிந்தது, இதைக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் அப்பா, இன்றைக்குக் கோபம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

மத்தியானம் இலை போட்டோம். உங்களுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, வடை, எல்லாம் வைத்தோம். நீங்களே விட்டுவிட்டீர்களே என்று நீச்சத்தண்ணியை நான் பட்டியலில் சேர்த்திருக்கவில்லை. கவின்தான் டம்ளரைக் கழுவி, விளிம்புவரை ஊற்றி, இலைக்கு வலப்பக்கம் வைத்தான். சாம்பிராணி காட்டி எல்லோரும் விழுந்து கும்பிட்டு எழுந்த பிறகும் அவன் மட்டும் உங்கள் படத்துக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, யாரோ எதிரில் இருப்பதுபோல, சாதாரணமாகக் கேட்டான்: "சாப்டீங்களா தாத்தா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவன் ஊருக்குப் போகிறான். டம்ளரை அவனுக்கே கொடுக்கலாம் என்று எடுத்தேன், சித்தியிடமே இருக்கட்டும் என்றுவிட்டான். நாளையிலிருந்து அதில் குடித்துவிட்டுத்தான் அங்கன்வாடிக்கு பஸ் ஏறப்போகிறேன். சனிக்கிழமை போனில் முதல் கேள்வியை உங்கள் இடத்திலிருந்து நான் கேட்டுக்கொள்கிறேன், அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இலை முன்னால் டம்ளர் இன்னும் அப்படியே இருக்கிறது. எடுத்துக் குடியுங்கள், அப்பா. பயல் அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு பவுண்டு கூடுதலாகத்தான் இருந்திருக்கிறான்.