கைக்குட்டைப் பனிக்கட்டி

இன்று காலை ஆய்வக அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை வந்தது. கீழ்த்தட்டில் நீ மடித்து வைத்த கைக்குட்டைகள் துணிப்பையில் அப்படியே இருந்தன. பூச்சி அரிக்காமல் உருண்டை போட்டிருக்கிறாய். அடுத்த வருடமும் உயிரோடு இருந்து இந்தப் பாடத்தை நீதான் எடுப்பாய் என்று நினைத்திருக்கிறாய்.

ஹைட்ரஜன் பிணைப்பை முதன்முதலில் நீ நடத்தியபோது மாணவர்களைக் கைகோத்து நிற்கச் சொன்னாய். பையன்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச்சுவரோரம், ஒருவரும் அசையவில்லை. நம் கல்லூரியில் இது நடக்காது என்றேன். "கை வேண்டாம்டி, கர்சீப் போதும்," என்று மார்க்கெட்டுக்குப் போய்க் கட்டம் போட்ட கைக்குட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாய்.

அந்தத் துணிதான் பாடத்தையே தெளிவாக்கியது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நீர் மூலக்கூறு. உடம்பு ஆக்சிஜன், இரண்டு கைகளும் இரண்டு ஹைட்ரஜன். கையில் பிடித்த துணிதான் பிணைப்பு, அதன் மறுமுனை அடுத்தவர் தோளில். மாணவர்களுக்குக் கன்னடத்தில் விளக்கிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்: "கை உடம்போட இருக்கிறது, லேசுல பிரியாது. துணி சும்மா பிடிச்சது. தண்ணி கொதிக்கிறப்ப துணிதான்டி விடுது, கை போறதில்ல."

நீ "குளிர்" என்றால் எல்லோரும் கைகளை நீட்டி, துணி விறைக்க, அசையாமல் நிற்க வேண்டும். இடம் போதாமல் கடைசி வரிசை வராந்தாவுக்குப் போய்விடும். "சூடு" என்றால் அங்கங்கே துணி நழுவும், கூட்டம் நெருக்கியடித்து உள்ளே வரும். உறைந்த நீர் ஏன் கூடுதல் இடம் பிடிக்கிறது, ஏன் மிதக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

"உன் ஐஸ் என் கிளாஸ் வாசல் வரைக்கும் வந்துடுச்சு," என்பேன்.

"பொறாமைடி உனக்கு."

இன்று கல்வித் துறையிலிருந்து பார்வையிட வந்தார்கள். அந்த விளையாட்டை நான் நடத்தினேன். வந்தவர்கள் கைதட்டினார்கள். "இது நிம்ம ஐடியாவா, மேடம்?" என்று, உங்களுடையதா என்பதைக் கன்னடம் கலந்து, அதிகாரி கேட்டார். சிரித்தேன். மற்ற கல்லூரி ஆசிரியர்களுக்கும் நீங்களே கற்றுத்தர வேண்டும் என்றார். அதற்கும் சிரித்தேன். உன் பெயர் மறந்துபோகவில்லை, நாக்கிலேயே இருந்தது. இத்தனை வருடம் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்ட கைத்தட்டல் ஒருமுறை எனக்கு வந்தபோது, அதைப் பங்கு போட மனம் வரவில்லை.

சாயங்காலம் உன் மகள் ஹெப்பாள் ஆபீஸிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் இருந்தபடி அழைத்தாள். வகுப்பின் வீடியோவை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"ஆண்ட்டி, அது அம்மாவோட கர்சீப்தானே? பார்த்ததும் அழுதுட்டேன். வந்தவங்ககிட்ட அம்மாவைப் பத்தி என்ன சொன்னீங்க?"

பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்று தப்பித்திருக்கலாம்.

"ஒண்ணும் சொல்லலம்மா. என் ஐடியான்னு நினைச்சாங்க. நானும் விட்டுட்டேன்."

"பரவால்ல ஆண்ட்டி. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

நாளை அந்த அதிகாரியை அழைத்து உன் பெயரைச் சொல்லிவிடுவேன். அது பெரிய காரியம் இல்லை. அந்தப் "பரவால்ல"தான் முகத்தில் சுடுகிறது. நீயாக இருந்தால் ஊழியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கிழித்திருப்பாய். வாரக்கணக்கில் பேசியிருக்க மாட்டாய். அப்புறம் ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவை ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் தள்ளியிருப்பாய். உன்னோடு போட முடியாமல் போன அந்தச் சண்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.