செருப்பு விடும் இடம்

வைகாசி 20, செவ்வாய், இரவு

முந்தாநாள் கொழும்பில் பயிற்சி முடிந்ததும், என்னோடு வேலை செய்யும் குமாரி, சந்தை நெரிசலுக்கு நடுவில் இருக்கும் பழைய புத்த விகாரை ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய அம்மா அங்கே பூத்தட்டோடு நின்றார். நான் நயினாதீவு என்றதும், தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, புத்தர் வந்துபோன தீவு என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உங்கள் ஊர் விகாரைக்கு அடிக்கடி போவீர்களா என்று கேட்டார். போவேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ. ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை.

இன்று குமாரி தொலைபேசியில் பேசினாள். அடுத்த பௌர்ணமிப் போயாவுக்கு அம்மாவோடு வருகிறாளாம். நான்தான் சுற்றிக்காட்ட வேண்டுமாம்.

சாப்பிடும்போது இவரிடம் எரிந்து விழுந்தேன். "எனக்குச் செருப்பு எங்கை விடுறதெண்டும் தெரியாது."

இவர் தலை நிமிரவில்லை. "வாசலிலை இடக்கைப் பக்கம் விடலாம். பூவும் அதிலை வாங்கலாம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒவ்வொரு போயாவுக்கும் போறனான்."

அவ்வளவுதான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

பிள்ளை கேட்டு அம்மனுக்கு நேர்வதை மூன்று வருடத்துக்கு முன் இரண்டு பேருமாகத்தான் நிறுத்தினோம். இனி ஒருவரிடமும் கேட்பதில்லை என்று இவர்தான் முதலில் சொன்னார்.