வந்தவங்க போலீஸ் இல்லை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். அடையார் போய் ஒரு கல்யாண வீடியோவுக்குக் கரெக்‌ஷன் கேட்டு வந்தேன். பொண்ணோட அம்மாவுக்கு மாலை மாத்தறது இன்னும் நீளமா வேணுமாம். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடறது வேண்டவே வேண்டாமாம்.

மத்தியானம் மயிலாப்பூர் வீட்டுக்குள்ள வந்தா என் எடிட்டிங் டேபிள் காலி. சிபியூ இல்லை. ஹார்ட் டிஸ்க் ஒண்ணுகூட இல்லை. ஒயர் மட்டும் தொங்குது.

இவர் சோபாவில். வேலை பார்க்கற தி.நகர் ஜவுளிக்கடைக்கு இன்னிக்கு லீவு. மூணு பேர் வந்தாங்களாம். கழுத்தில் கார்டு. "திருட்டுப் பட ஒழிப்புக் குழு." நம்ம வீட்டு இன்டர்நெட்டிலிருந்து புதுப் படம் ஒண்ணு வெளியே போயிருக்காம். உள்ளே விட்டுட்டார்.

"போலீஸா?"

"போலீஸ் மாதிரிதான் இருந்தாங்க."

மாதிரி!

அதுகூடப் போகட்டும். பொண்ணு நிவிக்கு ஜுரம், காலேஜ் போகலை. படுத்திருந்தவளை எழுப்பிப் போனைக் கேட்டிருக்காங்க. "லாக்கை எடுத்துக் குடும்மா"ன்னது இவர். பெத்த அப்பா. ஒருத்தன் ஹாலில் உட்கார்ந்து அவ போட்டோ, மெசேஜ் எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தானாம். போகும்போது திருப்பிக் குடுத்துட்டானாம். பெரிய மனசு.

நிவி ரூம் கதவு சாத்தியே இருக்கு. கஞ்சி ஆறிப்போச்சு.

ஆகஸ்ட் 6, புதன்

சைதாப்பேட்டை கோர்ட். செண்பகம் என்கூடக் காலேஜில் படிச்சவ, இப்ப அங்கே வக்கீல். வாசல் டீக்கடையில் நின்னுக்கிட்டே கேட்டா.

"எடுத்ததுக்கு ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்லை."

"கூட போலீஸ் வந்தாங்களா?"

"இல்லைடி."

"அப்ப அது சோதனையே இல்லை. அவங்க தனியார். சந்தேகம்னா புகார் குடுக்கலாம், அவ்வளவுதான். உள்ளே வர, பொருளைத் தொட, ஒரு உரிமையும் கிடையாது. போலீஸே வந்தாலும் எஸ்.ஐ.க்குக் குறையாத ஆள் வரணும். எடுத்ததை எல்லாம் எழுதி, சாட்சிக் கையெழுத்தோட காப்பி தரணும். இப்ப சோதனையை வீடியோவே எடுக்கணும். உன் வீட்டுக்காரர் ஏன் விட்டார்?"

அதான் எனக்கும் தெரியலை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைச்சும் கோபம் அடங்கலை. இவரைத் திட்டிக்கிட்டே வந்தேன். பாதி வழியில் ஒண்ணு தோணிச்சு. நான் இருந்திருந்தா? கார்டைப் பார்த்ததும் நானும் நகர்ந்து வழி விட்டிருப்பேனோ? சத்தியமா தெரியலை. அது இன்னும் எரிச்சல்.

ராத்திரி இவர்கிட்ட, நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் போகணும்னேன். பயம் வந்தா இவருக்கு வாயில் திருநெல்வேலி வந்துடும். "ஏட்டி, என்னத்துக்கு வம்பு? கடையில தெரிஞ்சா நான் எப்படித் தலைநிமிந்து நிப்பேன்?"

"நிவி நிக்கணுமே."



ஆகஸ்ட் 7, வியாழன்

தனியாத்தான் போனேன். ஸ்டேஷனில் ரொம்ப நேரம் பெஞ்ச். எழுத்தர் புகாரைப் படிச்சுட்டு, "பெரிய கம்பெனிங்கம்மா. பேசித் தீர்த்துக்கங்க"ன்னார்.

"என் பொருள் எங்கே இருக்குன்னே எனக்குத் தெரியாது சார். யார்கிட்ட பேசறது?"

"நீங்க படம் எதுவும் ஏத்தலையே?"

புகார் குடுக்க வந்தவளைக் கேட்கிற கேள்வி! ஏத்தலை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு. இவ்வளவுதான் என் படம். புகாரை வாங்கிக்கிட்டதுக்கு சிஎஸ்ஆர் ரசீது குடுக்காம நகர மாட்டேன்னு சொல்லி உட்கார்ந்துட்டேன். குடுத்தார்.

வாங்க வேண்டியது: பாராசிட்டமால், ரவா, கேட்டுக்கு நல்ல பூட்டு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அடையார் அம்மா ரெண்டு தடவை போன். "சிஸ்டம் ரிப்பேர்"னு சொன்னேன். முகூர்த்தம் முழுக்க அந்த டிஸ்க்கில். வேற காப்பி கிடையாது. தாலி கட்டறதை இன்னொரு தடவையா எடுக்க முடியும்?

தெருமுனை ஆட்டோக்காரர்: "இன்னாக்கா, உங்க வூட்ல ரெய்டாமே?"

இல்லைன்னேன். இல்லைன்னு ஏன் சொன்னேன்? திருடினது அவங்க. ஒளியறது நானா?

சாயங்காலம் நல்ல மழை. துணி நனைஞ்சுபோச்சு.

ஆகஸ்ட் 9, சனி

வந்தாங்க. இந்தத் தடவை ரெண்டு பேர். இரும்பு கேட்டைத் திறக்கலை. கம்பி வழியா ஒரு டைப் அடிச்ச பேப்பர். படம் எங்க வீட்டிலிருந்துதான் போச்சு, மன்னிக்கணும், அப்படின்னு.

"ஒரு கையெழுத்து மேடம். சிஸ்டம் சாயங்காலமே வந்துடும்."

"போலீஸ் எங்கே? வாரண்ட் எங்கே?"

"எங்களுக்கு அதெல்லாம் தேவையில்லை மேடம்."

"அப்ப எனக்குக் கதவைத் திறக்கத் தேவையில்லை. எடுத்துட்டுப் போனதை ஸ்டேஷனில் ஒப்படைங்க. புகார் குடுத்திருக்கேன்."

ஒருத்தன் சிரிச்சான். "தப்பு பண்ணலைன்னா ஏன் மேடம் பயப்படறீங்க?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காகத் திறக்கணுமா?"

எதிர் வீட்டுக் கதவு லேசாத் திறந்து மூடிச்சு. யாரும் வெளியே வரலை. அவங்க மாடிப்படி இறங்கிப் போனப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நிவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தா. தோளில் சாஞ்சுக்கிட்டா.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஸ்டேஷனிலிருந்து போன். பொருளை அவங்களே கொண்டுவந்து ஒப்படைச்சுட்டாங்களாம். கிளம்பும்போது இவரும் சட்டையை மாட்டினார். கடைக்கு லீவு சொல்லிட்டாராம். நான் கூப்பிடலை.

சிபியூ மூடியில் ஸ்க்ரூ இல்லை. டிஸ்க் எல்லாம் இருக்கு. அங்கேயே என் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். முகூர்த்தம் ஓடிச்சு. மூச்சு வந்தது. திருட்டுப் படம் எதுவும் கிடைச்சதான்னு கேட்டேன். "இல்லைன்னுட்டாங்க"ன்னார் எழுத்தர். சாரின்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலை.

ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "அதான் எல்லாம் திரும்பி வந்துடுச்சே. புகார் வாபஸ்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பின்னாலிருந்து இவர் குரல்.

"எம் பிள்ளை போனைப் பாத்தானுவ சார். நாந்தான் எடுத்துக் குடுக்கச் சொன்னேன். அது எப்படித் திரும்பி வரும்?"

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். தாள் வெறுமையா மேசைமேலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் நிவி ரூம் கதவை ஒரு தடவை தட்டிட்டு வெளியே நின்னார். கைப்பிடியைத் தொடலை. இப்பவும் நிக்கறார்.