உம்முடைய காது, என்னுடைய பெயர்

என் பெயரில் ஒரு பொய்யை எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனீர்.

கோபத்தில் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை என் கண்ணால் பார்த்தேன். புங்குடுதீவு மண்டபத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளை வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்தே பார்க்கக் கமெரா பூட்டப்போகிறார்கள். அதற்கு வயர் இழுக்க வந்த அண்ணை பின்சுவரில் பூட்டியிருந்த மரச்சட்டம் ஒன்றைக் கழற்றினார். கழற்றியதும் தேங்காய்த் தும்பு வாசம் வந்தது. பழைய மெத்தையும் தூசியும் கொஞ்சம் உப்புக்காற்றும் கலந்த வாசம். நான் தும்மிக்கொண்டு நிற்க, அவர் சட்டத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, இஞ்ச உம்மட பேர் கிடக்கு."

பென்சில் எழுத்து. உம்முடைய எழுத்து, வலது பக்கம் சரிந்தது. என் முழுப்பெயரை எழுதி, அதன் கீழே இரண்டு வரி எழுதியிருந்தீர்: "இது இவவின்ர யோசனை. கழட்ட முதல் இவவைக் கேளுங்கோ."

அது என் யோசனை இல்லை. நான் அந்த மண்டபத்தைப் பழுதாக்கினேன். நீர்தான் அதைத் திருத்தினீர்.

மூன்று வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் உள்ளக வடிவமைப்புப் படித்தோம். 'நீர்' என்று தொடங்கியவர்கள் கடைசிவரை 'நீ' என்று இறங்கவில்லை. மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். என் அளவில் அது பயம். முதல் நாளே உம்மைக் கண்டு பயந்துவிட்டேன்.

அன்று வகுப்பறைக்குள் வந்த நீர் கதிரையில் இருக்கவில்லை. நடுவில் போய் நின்று ஒரு தரம் கை தட்டினீர். தலையைச் சரித்துக் கேட்டீர்.

"என்ன, பூசை தொடங்கப்போகுதோ?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்க எல்லோரும் சிரித்தோம். நீரும் சிரித்தீர்.

"இல்லையப்பா, இந்த அறையில 'ச'வும் 'த'வும் ஒண்டாத்தான் கேக்கும். முன்னுக்கு வந்து இருங்கோ. இல்லாட்டி நோட்ஸ் பிழைக்கும்."

அந்தக் கிழமையே பின்வரிசைக் கொப்பிகளில் பிழைகள் வரத்தொடங்கின. நான் முன்வரிசைக்கு மாறினேன். காரணம் ஒருவருக்கும் சொல்லவில்லை.

என்னிடம் ரொறன்ரோவில் இருக்கும் மாமி அனுப்பிய மடிக்கணினி இருந்தது. அதில் நான் கட்டிய அறைகள் உண்மையான அறைகளைவிட வடிவாக இருக்கும். நிழல் விழும், கண்ணாடி மினுங்கும். நீர் கடதாசியில் கீறினீர். பரீட்சையில் புள்ளி எனக்குத்தான் கூட. ஆனால் என் படத்தைப் பார்த்து நீர் ஒரே கேள்விதான் கேட்பீர்: "இதுக்குள்ள நாலு பேர் இருந்து கதைச்சா என்ன நடக்கும்?" எனக்குத் தெரியாது. என் படங்களில் ஆட்களே இல்லை.

படிப்பு முடிந்ததும் எனக்கு அந்தப் புங்குடுதீவு மண்டபம் கிடைத்தது, உமக்கு ஒரு தளபாடக் கடையில் கதிரை விற்கிற வேலை கிடைத்தது. திறமையை நிறுத்துப் பார்த்து யாரும் பங்கிடவில்லை. மண்டபம் கட்டிய சபையின் தலைவர் என் பெரியப்பா. "உள்வேலையை எங்கட பிள்ளை செய்யட்டும்" என்று அவர் சொன்னார், விஷயம் முடிந்தது. உமக்கு அப்படி ஒரு பெரியப்பா இல்லை. எங்கள் தீவுகளில் கெட்டித்தனம் என்றால் பெரும்பாலும் இதுதான்.

"மினுங்க வேணும் பிள்ளை" என்பது மட்டும்தான் அவர் எனக்குச் சொன்னது. தரைக்கு மினுங்கும் ரைல்ஸ் பதித்தேன். போதாது என்றார்கள். சுவரிலும் ஏற்றினேன், கூரைத்தட்டு வரைக்கும். மேடைக்கு நேரெதிரே கண்ணாடிக் கதவுகள். மேலே ஆஸ்பத்திரி வெள்ளையில் லைற். ஒவ்வொரு நாளும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவேன். ரொறன்ரோவில் இருந்தும் பாரிசில் இருந்தும் கைகூப்பும் படங்கள் வந்து விழும். அந்த மண்டபம் அங்கே இருந்து பார்க்கத்தான் கட்டப்பட்டது. படத்தில் சத்தம் விழாது.

திறப்பு விழாவில் விழுந்தது. முதலாவது பேச்சாளர் வாயைத் திறந்ததும் அவருடைய சொல் ஒரு சுவரில் அடிபட்டு, மற்றச் சுவரில் அடிபட்டு, அடுத்த சொல்லின் தலையில் வந்து ஏறியது. பக்கத்தில் இருந்த முதியவர் என் கையைப் பிடித்து, "பிள்ளை, ஆர் செத்ததெண்டு சொல்லுறார்?" என்று கேட்டார். பேச்சாளர் அங்கே நடக்கப்போகும் முதற் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டார். "சனத்துக்கு விளங்கேல்லையாம். இன்னும் ரெண்டு பொக்ஸ் வையும்." வைத்தார்கள். விளங்காதது இன்னும் பெரிதாகக் கேட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து இது. விளங்காவிட்டால் சத்தத்தைக் கூட்டுவோம். சபைக் கூட்டத்திலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

வேறு வழியில்லாமல் உம்மைக் கூப்பிட்டேன். அல்லைப்பிட்டியில் பஸ் ஏறி, கடல் நடுவில் போகும் தாம்போதியைக் கடந்து வந்தீர். பையில் ஒரு பக்கெற் பலூன். ஒன்றை ஊதிக் கட்டி, தலையில் இருந்த ஊசியைக் கழற்றிக் குத்தினீர். வெடிச்சத்தம் சாகும்வரை விரல் மடக்கி எண்ணினீர்.

"நாலு எண்ணியும் சாகுதில்லை. ஒண்டு எண்ணி முடிய முதல் சாகவேணும்."

நான் நாள்கணக்காகக் கணினியில் பார்த்துக் கண்டுபிடிக்காததை நீர் ஒரு பலூனில் கண்டுபிடித்தீர். நன்றி என்று சொல்லவில்லை. "பலூனுக்கு வேற நிறம் கிடைக்கேல்லையே?" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பெரியப்பா வந்தார். "எவடம் பிள்ளை?"

"அல்லைப்பிட்டி."

"அங்க ஆற்ற மகள்?"

"அப்பா கடலுக்குப் போறவர்."

அதற்குப் பிறகு தேத்தண்ணி வந்தது. எங்களுக்குக் கண்ணாடிக் கிளாசில். உமக்குக் கடதாசிக் கப்பில். நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீர் பார்த்தீர். என் கிளாசை நான் கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

பஸ் தரிப்பில் வைத்து நீர்தான் அதை எடுத்தீர். "உம்மட பெரியப்பா நல்ல சுத்தமான ஆள். நான் குடிச்ச கப்பைக் கழுவுற வேலையும் இல்லை." சிரித்தீர். பிறகு சிரிக்காமல் சொன்னீர்: "என்ர பேரைச் சொன்னா அவை ஒரு ஆணி அடிக்கவும் விடாயினம். திருத்திற யோசனையை உம்மட பேரில குடும்."

"உமக்கு அது சரியோ?"

"எனக்கு மண்டபம் சரி வந்தாச் சரி."

ஓம் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. பஸ் வருவதற்கு முதலே சொல்லிவிட்டேன்.

ஊரில் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டுக் கேட்டு, ஒருவரும் படுக்காத தும்பு மெத்தைகளை எடுத்து வந்தோம். நீர் அவற்றைக் கிழித்து வெயிலில் போட்டுத் தடியால் அடித்தீர். தச்சுவேலைக்கு வந்த ஓடாவியார் மரச்சட்டம் செய்து, உள்ளே தும்பை வைத்துத் துணியால் மூடி, முன்னால் விரல் விட்டு விரல் பனஞ்சலாகை அடித்தார். "ரைல்ஸ் வாறதை எல்லாம் திருப்பி எறியும். தும்பு வாங்கி வைச்சிருக்கும்" என்று அவருக்கு விளங்கப்படுத்தினீர். அவர் உம்மையே பார்க்க, உடனே என் பக்கம் கை காட்டினீர். "அக்கா சொன்னவ." எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது.

பிறகு மேடை லைற். உச்சந்தலையில் கொட்டிக்கொண்டிருந்த வெள்ளையை மாற்றி, மஞ்சள் கலந்த வெளிச்சம் பேசுகிறவரின் முகத்தில் பக்கவாட்டாக விழ வைத்தீர். "வாய் தெரியவேணும். வாய் தெரிஞ்சா அரைவாசி விளங்கீடும்." உம்முடைய அம்மாவுக்கு ஷெல் விழுந்த நாளில் இருந்து ஒரு காது கேளாது, மற்றதும் மந்தம். அவ உம்முடைய வாயைப் பார்த்துத்தான் கதை கேட்பா. நான் அதைப் பாடமாகப் படித்து, பரீட்சை எழுதி, மறந்தவள். நீர் அதற்குள் வளர்ந்தீர். அதற்கும் பொறாமைப்பட்டேன். ஒரு மனுஷியின் கேளாத காதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எழுதக் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

வேலை முடிந்து நடந்த முதல் விழாவில் எல்லாச் சொல்லும் விளங்கியது. கடைசி வரிசையில் ஒரு குழந்தை கொட்டாவி விட்டதுகூட மேடைக்குக் கேட்டது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் நன்றி சொல்லிப் பேசும்போது உம்மைத் தேடினேன். பின்சுவருக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு இருந்தீர். என்னைப் பார்க்கவில்லை. நான் பேசியதையும் நீர் கவனிக்கவில்லை. என் ஒவ்வொரு சொல்லும் எப்படிச் சாகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தீர். பொன்னாடை எனக்கு, மண்டபம் உமக்கு. யாருக்குக் கூடக் கிடைத்தது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு வேலைகள் வந்தன. நயினாதீவில் யாத்திரிகர் தங்கும் விடுதி, யாழ்ப்பாணத்தில் இரண்டு வீடுகள். ஒன்றுக்கும் உம்மைக் கூப்பிடவில்லை. மறந்து அல்ல. நீர் இல்லாமல் என்னால் ஏலும் என்று எனக்கே காட்ட வேண்டியிருந்தது. ஏலவில்லை. விடுதியின் சாப்பாட்டு அறையில் கரண்டி விழுந்தால் இன்றைக்கும் தகரக் கூரை இடிந்த மாதிரிக் கேட்கும்.

மழைக்காலத்துக் காய்ச்சல் உம்மை ஐந்து நாளில் கொண்டுபோனது. நான் அறிந்தது ஆறாம் நாள்.

அல்லைப்பிட்டிக் கிறிஸ்தவக் கோவிலில் சுவாமியார் உம்முடைய அடக்க ஆராதனையை நடத்தியபோது அவருக்குப் பின்னால் ஒரு யன்னல் திறந்திருந்தது. கடல் வெளிச்சம் அப்படியே உள்ளே அடித்தது. அவருடைய முகம் கறுப்பாக, வாய் இருந்த இடமே தெரியவில்லை. முதல் வரிசை வாங்கில் இருந்த உம்முடைய அம்மா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் எழும்பிப் போய், எல்லோரும் பார்க்க, யன்னலைச் சாத்தினேன். அம்மாவின் கழுத்து இறங்கியது. அழ வேண்டிய நேரத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது எந்த அறைக்குள் போனாலும் அப்படித்தான். ஒரு நல்ல வீட்டுக்குள் சும்மா போய்ச் சும்மா இருந்து தேத்தண்ணி குடிக்க என்னால் முடியவில்லை. உம்முடைய இந்த நோய் எனக்குத் தொற்றிவிட்டது, உம்முடைய காது தொற்றவில்லை.

திரும்பச் செவ்வாய்க்கிழமைக் கதைக்கு வருகிறேன். வயர் இழுத்து முடிந்ததும் அந்த அண்ணை, "தங்கச்சி, திருப்பிப் பூட்டேக்க சுவரில இருந்து எவ்வளவு தள்ளிப் பூட்டவேணும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. எல்லாச் சட்டத்துக்கும் பின்னால் ஓரத்தால் கையை விட்டு இடைவெளியை அளந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் சபை கூடியது. வாசலில் ஒரு கல் பதிக்கப்போகிறார்கள். உள்வேலை செய்தவர் என்று அதில் என் பெயர். நான் எழும்பினேன்.

"அது என்ர வேலை இல்லை. ரைல்ஸ்தான் என்ர. திருத்தினது அல்லைப்பிட்டிப் பிள்ளை."

பெரியப்பா போனை நீட்டினார். சட்டத்தின் பின்புறத்தை வயரிங் அண்ணை எடுத்த படம். "அந்தப் பிள்ளையே தன்ர கையால எழுதி வைச்சிருக்கு. ஓடாவியாரும் அப்பிடித்தான் சொல்லுறார். செத்த பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கப்போறியே?"

உம்முடைய பெயரைக் கல்லில் ஏறவிடாமல் உம்முடைய எழுத்தே தடுத்தது. அந்த நிமிடம் உம்மை வெறுத்தேன். பிறகு சொன்னேன்:

"சட்டங்களுக்குப் பின்னால இடைவெளி விட்டுக் கிடக்கு. ஒண்டில நாலு விரல். மற்றதில ஒரு சாண். மேடைக்குப் பக்கத்தில ஒட்டக் கிடக்கு. செய்த ஆளுக்கு ஏனெண்டு தெரிஞ்சிருக்கவேணும். என்னைக் கேளுங்கோ."

"சரி, ஏன்?"

"எனக்குத் தெரியாது."

ஒவ்வொரு எழுத்தும் பின்சுவர் வரை போனது. ஒன்று எண்ணி முடியுமுன் செத்தது. பெரியப்பா மெதுவாக, "தெரியாதெண்டு வெளியில சொல்லித் திரியாதை பிள்ளை, வாற வேலையும் போயிடும்" என்றார்.

கல் இன்னும் வெட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்கிறார்கள். உம்முடைய பெயரை வெட்டுவார்களோ தெரியாது. என் பெயரை வெட்டினால் நானே உளி எடுத்துச் சிதைப்பேன் என்று சொல்லிவிட்டேன். இதைக் கேட்டு என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம். பொறாமை இம்மியும் குறையவில்லை. உம்முடையதை என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிய வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

புத்தகங்களைப் புரட்டினேன். இடைவெளி விட்டால் தடித்த கீழ்ஸ்தாயிச் சத்தங்களும் பிடிபடும் என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். ஏன் இங்கே நாலு விரல், ஏன் அங்கே ஒரு சாண் என்று ஒருவரும் எழுதவில்லை. நேற்றும் போய் மேடையில் நின்று வாய்விட்டுக் கேட்டேன். நீர் கணக்குப் போட்டீரா, கேட்டுக் கேட்டு நகர்த்தினீரா? மேடைக்குப் பக்கத்தில் மட்டும் ஏன் ஒட்ட வைத்தீர்? எனக்குச் சொல்லித்தராமல் போக உமக்கு என்ன உரிமை இருந்தது? சொல்லும்.