செவ்வாய்க் கிரகத்தில் மணி ஏழு

மார்ச் 4

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

ஃபிரிட்ஜ் கதவில் இதைப் பார்த்ததும் "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு லெட்டரா!" என்று சிரிக்காதீர்கள். பஸ் ஓட்டும்போது நீங்கள் போனை எடுக்கக் கூடாது. எங்கள் கட்டுப்பாட்டு அறைக்குள் போனே கூடாது. வேறு என்னதான் செய்ய?

எங்கள் ரோவர் செவ்வாயில் பத்திரமாக இறங்கி ஊர ஆரம்பித்துவிட்டது. ஆமை என்று பேர் வைத்திருக்கிறோம். அதை ஓட்டுவது உங்கள் பெண்டாட்டி என்று டெப்போவில் பெருமை அடித்துக்கொள்ளலாம். ஒரே தொல்லை, அங்கே ஒரு நாள் நம் நாளைவிட நாற்பது நிமிடம் நீளம். ஆமைக்கு விடிந்தால்தான் எனக்கும் விடியும். அதனால் தினமும் நாற்பது நிமிடம் தள்ளித்தான் வேலைக்குப் போவேன், தள்ளித்தான் வருவேன். மூன்றே மாதம். அப்புறம் மனுஷி மாதிரி பகல் ஷிஃப்ட், சத்தியமாக.

சாப்பாடு அடுப்பில் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 29

செவ்வாய் மகாராணிக்கு,

என் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் ஜனங்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள். உன் கிரகம் தினமும் நாற்பது நிமிடம் தாமதம், ஏன் என்று கேட்க நாதியில்லை!

நேற்று நீ தூங்கிக்கொண்டிருந்தாய். ஷூவைக் கையில் பிடித்தபடி என் வீட்டிலிருந்தே திருடன் மாதிரி வெளியே போனேன். உன்னோடு உட்கார்ந்து பேசி எவ்வளவு நாளாகிவிட்டது! ஏக்கமாக இருக்கிறது, போ.

வெள்ளிக்கிழமை நம் கல்யாண நாள். ஆற்றோரத்து ஹோட்டலில் மேஜை சொல்லிவைக்கிறேன். எத்தனை மணிக்கு வருவாய்?

உன் டிரைவர்


மார்ச் 30

மறப்பேனா? சரியாக ஏழு மணிக்கு அங்கே இருப்பேன். பசியோடு வாருங்கள்.


ஏப்ரல் 4

வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சர்வர் வந்து, "சார், கிச்சன மூடப் போறோம்" என்றார். கல்யாண நாள் என்று அவரிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஏன் வரவில்லை?


ஏப்ரல் 5

என்னங்க,

வந்தேன். சரியாக ஏழு மணிக்குத்தான் வந்தேன், என் கைக்கடிகாரத்தில். ஆபீஸில் கொடுத்தது, செவ்வாய் நேரம் காட்டுவது. ஜன்னலே இல்லாத கட்டடத்தில் அதைப் பார்த்துப் பார்த்தே வாழ்கிறேன். உங்களுக்கு ஏழு மணி வேறு என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. ஹோட்டல் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வந்தால் நீங்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப மனசு வரவில்லை.

இன்னொன்று. வேலையை நீட்டித்துவிட்டார்கள். "தொடர்ந்து இருப்பீங்களா?" என்றார்கள். உங்களைக் கேட்கவேண்டும் என்று தோன்றுவதற்குள் சரி என்றுவிட்டேன். கோபிக்காதீர்கள்.

ஆமை வானத்தைப் படம் பிடித்து அனுப்பியது. அதில் பூமி ஒரு புள்ளி, குண்டூசித் தலை அளவுகூட இல்லை. அதற்குள் நீங்கள் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. நானும் அந்தப் புள்ளிக்குள்தான் இருக்கிறேன் என்று மட்டும் தோன்றவே இல்லை.

வீட்டுக்காரி


ஏப்ரல் 8

டெப்போ மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. அங்கே போகிறேன். கோபமில்லை என்றால் பொய். உன் வேலை பெரிய வேலைதான், யார் இல்லை என்றது? என்னைக் கேட்காமல் சரி என்று சொன்னாயே, அதுதான் நெஞ்சில் குத்துகிறது. பகல் ஷிஃப்டுக்கு வந்த அன்றைக்கு வந்து கூப்பிடு. ஒரு வார்த்தை போதும், கிளம்பி வந்துவிடுவேன்.


ஆகஸ்ட் 19

என்னங்க,

இதை டெப்போ விலாசத்துக்கு அனுப்புகிறேன். புழுதிப் புயலில் வெயில் படாமல் ஆமையின் பாட்டரி தீர்ந்துவிட்டது. விடாமல் கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. எல்லோரும் அழுதோம். இப்போது எனக்குப் பகல் ஷிஃப்ட்.

நேற்று உங்கள் பஸ்ஸில் ஏறினேன். கூப்பிடத்தான் வந்தேன். பின்வாசலில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறீர்கள், கழுத்து மெலிந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும், அடுத்த ஸ்டாப்பில் கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டேன். வேறொரு கிரகத்தில் கிடக்கிற இயந்திரத்தை அத்தனை தடவை கூப்பிட்டவளுக்கு, ஒரு பஸ் நீளத்துக்கு வாய் வரவில்லை. நீங்களாகத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று இருந்தேன். "கடைசி ஸ்டாப்பு, எறங்குங்க" என்று திரும்பாமலே சொன்னீர்கள். இறங்கிவிட்டேன்.

அடுத்த ரோவருக்கு ஆள் எடுக்கிறார்கள். அதுவும் வருஷக்கணக்கில். இந்தத் தடவை உங்களைக் கேட்கிறேன். போகட்டுமா?

வீட்டுக்காரி


ஆகஸ்ட் 24

போ. மனதாரத்தான் சொல்கிறேன்.

நீ ஏறும்போதே கண்ணாடியில் பார்த்துவிட்டேன். ரோட்டைப் பார்த்ததைவிட உன்னைத்தான் அதிகம் பார்த்தேன். யார் மேலும் மோதாதது அவர்கள் செய்த புண்ணியம். இப்போது கூப்பிடுவாள், இதோ கூப்பிடுவாள் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நினைத்தேன். கடைசி ஸ்டாப்பில் வண்டிக்குள் உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை. இறங்கச் சொன்னது உன்னைத்தான். அதற்காவது ஒரு வார்த்தை பேசுவாய் என்று பார்த்தேன்.

நீ தெருமுனை திரும்பும் வரைக்கும் கதவை மூடாமல் வைத்திருந்தேன். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தேன்.

டிரைவர்