தாலுக்கா ஆபீசில் நான் தின்ற இலை

அத்தான்,

இன்று காலையிலிருந்து வலது கை விரல்களை மூக்கருகில் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் ஒரு வாடை போகமாட்டேன் என்கிறது. மகள் பார்த்துவிட்டு, "என்னப்பா பண்ணுது, டாக்டர்கிட்ட போவமா?" என்று கேட்டாள். வியாதி இல்லையம்மா, குழப்பம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களோ மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன் நான். அந்த வகுப்பைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் தஞ்சாவூர் ஜில்லாவில் கிடையாது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். விமானத்திலிருந்து என்னை இறக்கிவிட மனசில்லாமல் பணிப்பெண்கள் கதவு வரைக்கும் வந்து கும்பிட்டார்கள். எல்லாரையும்தான் கும்பிட்டார்கள் என்கிறாள் மகள். இருக்கட்டும், கும்பிட்ட தினுசில் வித்தியாசம் இருந்தது.

பக்கத்து வீட்டில் பீட்டர் என்று ஒருவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொல்லையில் தக்காளி போட்டிருக்கிறார், பீன்ஸ் போட்டிருக்கிறார், கூடவே நாலு கஞ்சாச் செடி போட்டிருக்கிறார். பதறாதீர்கள். இங்கே வீட்டுக்கு நாலு செடி வரை சர்க்காரே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் ஒரு மாதமாகப் பார்க்கிறேன். மனிதர் படுகிற பாடு சொல்லி முடியாது. இது குளிர் தேசம். வெயில் விருந்தாளி மாதிரி வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறது. புரட்டாசி பிறந்தால் பனி இறங்கிவிடும். நம்ம மார்கழிப் பனி இல்லை அத்தான், இலையையே கருக்கிவிடுகிற பனி. அதனால் சீக்கிரம் முற்றுகிற ரகமாகப் பார்த்து, சுவரின் சூடு படட்டும் என்று தெற்குச் சுவரோரமாக வைத்திருக்கிறார். பொழுது சாய்ந்தால் பழைய படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து போர்த்துகிறார். தூறல் விழுந்தால் பூங்கொத்துக்குள்ளே பூஞ்சணம் பிடித்துவிட்டதா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறார். குறுவை நெல் அறுப்பு நேரத்தில் மழையில் மாட்டிக்கொண்டால் நாம் வரப்பில் நின்று தவிப்போமே, அதே தவிப்பு. "அவருகிட்ட சொல்லும்மா, சீக்கிரம் வெளையிறதுக்கு எங்க ஊர்ல குறுவைன்னு பேரு" என்று மகளிடம் சொன்னேன். அன்று முதல் அவர் அந்தச் செடிகளைக் 'குருவே' என்றுதான் கூப்பிடுகிறார். இந்த நாட்டு விவசாயத்துக்கு என்னால் ஆன சேவை.

இன்று காலை ஒரு இலையைக் கிள்ளி வேலிக்கு மேலே நீட்டினார். வாங்கிக் கசக்கினேன். வாடை ஏறியது. அந்த வாடை எனக்குப் புதிது இல்லை. முத்துப்பேட்டை பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இதே கையை, இதே மாதிரி முகர்ந்துகொண்டே வந்திருக்கிறேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குத்தகைக்காரன் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம். கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் ஒரே டீக்கடைக்கு எதிரும் புதிருமாகப் பறந்த காலம். உங்கள் அப்பா உழுது, பிறகு நீங்கள் உழுத நாலு மா நிலம். நிலத்துக்குச் சொந்தமான பண்ணையோ, "இவன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு வந்த ஆள், சாகுபடி எங்களுடையது" என்று சொல்லிவிட்டது. தாசில்தார் மறு விசாரணைக்கு நாள் குறித்திருந்தார். பெயர் ஏறினால் நிலத்தில் நிற்கலாம். ஏறாவிட்டால் அக்காவும் கைக்குழந்தை செல்வியும் நீங்களும் தெருவில் நிற்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கோடையில், ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில், கொடைக்கானல் மலைப் பக்கம் உருளைக்கிழங்கு தோண்டப் போய்விட்டு வந்தீர்கள். ஒரு கம்பளியும், துணியில் முடிந்த கொஞ்சம் விதையும் கொண்டுவந்தீர்கள். நாலு மாவில் தண்ணீர் ஏறாத மேட்டு மூலை ஒன்று உண்டே, அங்கே விதைத்தீர்கள். ஐப்பசி மழையில் அது என் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. என் உயரம் ஆறடி. (ஐந்தரை என்பீர்கள்.) இலை கை விரல் மாதிரி ஐந்தாகப் பிரிந்திருந்தது.

"என்னத்தான் இது?" என்று கேட்டேன்.

"புளிச்சை மாப்ள. நாரு உரிச்சுக் கயிறு திரிக்கலாம்."

"மலையிலேர்ந்தா புளிச்ச வெதை கொண்டாருவாங்க?"

"ஒங்கிட்ட எதைச் சொல்லணுமோ அதைத்தான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

புளிச்சை என்பதை நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். நம்பியதால்தான் எனக்கு அது சப்பென்று இருந்தது. டீக்கடையில் போய் 'எங்க அத்தான் கயிறு திரிக்கப் போறாரு' என்றால் யார் காதைக் கொடுப்பான்? ஆகவே கொஞ்சம் ஜோடித்தேன். "எங்க அத்தான் மலைக் கஞ்சா போட்டிருக்காரு. அது குளிர்லதான் வரும். மார்கழிப் பனிய நம்பி நம்ம ஊர்லயே கொண்டாரலாம்னு பக்குவம் சொல்லிக் குடுத்ததே நான்தான்" என்றேன். அன்று எனக்கு இரண்டு டீ கிடைத்தது. மூன்றாவது நாள் அந்தப் பேச்சு பண்ணைக் காரியக்காரரின் காதில் விழுந்தது.

விசாரணையன்று காரியக்காரர் ஒரு மனுவும், வேரோடு பிடுங்கிய ஒரு செடியுமாக வந்து நின்றார். செடி வாடித் துவண்டு கிடந்தது. "பண்ணை நிலத்துல திருட்டுத்தனமா கஞ்சா சாகுபடி பண்ணிருக்கான்யா இவன். போலீசுக்கு எழுதுங்க" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 'போட்டது நான்' என்று நீங்கள் சொன்னால் உங்களுக்கு ஜெயில். 'போட்டது நான் இல்லை' என்று சொன்னால் சாகுபடி உங்களுடையது இல்லை என்று ஆகிவிடும், நிலம் போய்விடும். என் ரெண்டு டீ உங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது பாருங்கள்.

தாசில்தார் உங்களைக் கேட்டார். "இது நீ போட்டதா?"

"நான் போட்டதுதாங்க. அந்த நெலத்துல எது மொளச்சாலும் நான் போட்டதுதாங்க."

தாசில்தார் மனுவைத் திரும்பவும் படித்தார். பிறகு காரியக்காரரைப் பார்த்தார்.

"கூலி ஆளுன்னு போன விசாரணையில சொன்னீங்க. இப்ப இவரு சாகுபடி பண்ணாருன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

காரியக்காரர் முகம் செத்துப்போனது. "அது கஞ்சா சாகுபடிங்க!"

"சாகுபடி சாகுபடிதான். கஞ்சாவா இல்லையாங்கிறது வேற கேள்வி."

அந்த வேறு கேள்விதான் பாக்கி. செடி மேசைக்கு மேசை போனது. ஒருவருக்கும் தெரியவில்லை. தலைமைக் குமாஸ்தா மட்டும், "எங்க வீட்டுல கடையிற புளிச்சக்கீரை மாதிரியும் இருக்கு சார்" என்று இழுத்தார். அப்போது நான் எழுந்தேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

"புளிச்சைதாங்க. வேணும்னா தின்னு காட்டுறேன்."

காரியக்காரர் குதித்தார். "இவன் பேச்ச நம்பாதீங்க! ஊரறிஞ்ச பொய்யன்! கஞ்சான்னு டீக்கடையில சொன்னவனே இவன்தாங்க!"

தாசில்தார் சிரிக்காமல் கேட்டார்: "பொய்யன்னா, டீக்கடையில சொன்னதும் பொய்தானே?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரு கொத்து இலையைப் பிய்த்து வாயில் போட்டு மென்றேன். நூறு பேர் பார்த்தார்கள். சரி, பதினைந்து பேர்.

"புளிக்குதா?"

"புளிக்குதுங்க."

தாசில்தார் எழுதிக்கொண்டார். உங்கள் பெயர் ஏறியது. பிறகு எழுந்து நின்று எனக்கு மரியாதை செய்தார். அவர் சாப்பாட்டுக்கு எழுந்தார் என்று நீங்கள் பல கல்யாண வீட்டில் திருத்தியிருக்கிறீர்கள். எழுந்தது உண்மைதானே.

அந்த இடத்தில்தான் அத்தான் எனக்கு இப்போது குழம்புகிறது. அந்த இலை புளித்ததா?

இன்று பீட்டர் கொடுத்த இலையையும் மென்று பார்த்தேன். புளிக்கவில்லை. பச்சைக் கசப்பு. அன்றைக்கு வாயில் என்ன ருசி இருந்தது என்று கண்ணை மூடி யோசித்துப் பார்க்கிறேன். புளிப்புத்தான் வருகிறது. ஆனால் 'புளிச்சுது, புளிச்சுது' என்று ஐம்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது. சொல்லிச் சொல்லியே புளித்துவிட்டதோ என்னவோ. அன்றைக்குப் பயத்தில் என் நாக்கு நாக்காகவே இல்லை. வேப்பிலையைக் கொடுத்திருந்தாலும் புளிக்குதுங்க என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாடையோ வேறு சொல்கிறது. பஸ்ஸில் கையை முகர்ந்ததும், இறங்கியதும் வாய்க்காலில் மண் போட்டுத் தேய்த்ததும், அக்கா சோறு போட வந்து, "என்னடா கை நாறுது?" என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. புளிச்சை நாறுமா? அது கீரை. இன்னொன்று, வருகிற வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். ஜெயித்த சிரிப்பு என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் சிரிக்கவே இல்லை. மறுநாள் நான் கண்விழித்தபோது மேட்டு மூலை மொட்டையாகக் கிடந்தது. அத்தனை செடியையும் பிடுங்கிச் சேற்றில் மிதித்திருந்தீர்கள். ஏன் அத்தான், கயிறு திரிக்கவில்லையா என்றேன். "நாரு சரியில்ல" என்றீர்கள். உரித்துப் பார்க்காமலே நார் சரியில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. பேச எனக்கு எவ்வளவோ இருந்தது.

இப்போது ருசியையும் வாடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. அது புளிச்சை என்றால், என் வாழ்நாளில் சபையில் சொன்ன ஒரே உண்மை அது. அது கஞ்சா என்றால், டீக்கடையில் நான் விட்ட புளுகு உண்மை. சபையில் சொன்ன உண்மை புளுகு. அதைவிட, நான் நம்பினால்தான் நம்பும்படி பேசுவேன் என்று தெரிந்து, முதல் நாளே என்னிடம் புளிச்சை என்று சொல்லிவைத்தீர்களா? இல்லை, இதெல்லாம் நான் இப்போது ஜோடிப்பதா? வாடையையும்கூட நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டேனோ? என் கதையில் எது முதலில் போட்டது, எது பிறகு ஒட்டியது என்று எனக்கே தெரியாது. திருத்துவதற்கு நீங்கள் இருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் பேசியவன் நான்.

பொறுக்காமல் அக்காவுக்கே போன் போட்டேன். அங்கே சாயங்காலம்.

"அக்கா, அன்னைக்கு மேட்டு மூலையில அத்தான் போட்டது என்ன செடி?"

"எது?"

"தாலுக்கா ஆபீசுல நான் தின்னேனே, அது."

யாரையோ கதவைச் சாத்தச் சொன்னாள். பிறகு போனுக்கு வந்தாள்.

"புளிச்சை."

"நெசமாவாக்கா?"

"ஏண்டா, தின்னது நீ. புளிக்குதுன்னது நீ. என்னையப் போயிக் கேக்குற?"

"இல்லக்கா, இங்க பக்கத்து வீட்டுல ஒரு செடி..."

"இந்தா பாரு. கல்யாணத்துக்குக் கல்யாணம் கதைய மாத்திச் சொல்லுவ. தாசில்தார் கட்டிப்புடிச்சாரும்ப, மாலை போட்டாரும்ப. நாங்க ஏதும் கேட்டமா? அதெல்லாம் சொல்லிக்க. எலை புளிச்சுது. அத மட்டும் மாத்தாத. அந்த ஒத்த வார்த்தையில நின்ன நெலம்டா இது. பிற்பாடு பண்ணைகிட்டக் கிரயமும் வாங்கி, இன்னைக்குப் பட்டா செல்வி பேருல இருக்கு. அந்த மூலையில நாத்து விட்டிருக்கா. சாப்டியா நீ?"

சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரம் பீட்டர் போர்வையோடு வந்தார். போர்த்திக்கொண்டே மகளிடம் ஏதோ கேட்டார். "அப்பா, இந்தச் செடிய ஒங்க ஊர்ல பாத்திருக்கீங்களான்னு கேக்குறாரு."

என்ன கேள்வி அத்தான்! மலை, விதை, கம்பளி, நாலு மா, தாசில்தார், எல்லாம் என் வாய் வாசலில் வரிசை கட்டி நின்றது. அந்த நாட்டிலேயே முதன்முதலாகச் சமவெளியில் மலைக் கஞ்சாவைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று ஒரு போடு போட்டிருந்தால் இந்தத் தெருவே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். வாயைத் திறந்தும் விட்டேன்.

"இல்லம்மா. எங்க ஊர்ல புளிச்சைதான் உண்டு. புளிக்கும்னு சொல்லு" என்றேன்.

மகள் மேற்கொண்டு நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். பீட்டர் தலையாட்டிவிட்டுப் போர்வையின் நுனியைக் கல் வைத்து அமுக்கினார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

சொன்னதையெல்லாம் சொன்ன தடவைக்கு ஒரு தினுசாகச் சொன்னவன் நான். இந்த ஒன்றை மட்டும் அன்று சொன்னபடியே வைத்திருக்கிறேன், அத்தான். அது நிஜமா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.